உங்களுக்குத் தெரியுமா? அரேத்தா ஃபிராங்க்ளினின் ‘சோல்’ இசைக்கு முந்தைய நாட்கள்

● ‘சோல் இசையின் அரசி’ எனப் புகழப்படும் அமெரிக்கப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளினின் முதல் ஒலிப்பதிவு நடந்த இடம் தேவாலயம். 1956-இல், டெட்ராய்ட் நகரில் அவருடைய தந்தை போதகராக இருந்த நியூ பெத்தேல் ஆலயத்தில் பக்திப் பாடல்களைப் பாடினார். அப்போது அவருக்கு வயது 14.

● 1960-இல், 18 வயதில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஜாஸ், ப்ளூஸ், நாடக மேடைப் பாடல்கள் என எல்லா வகையையும் பாடவைத்தார்கள். குரலில் குறையில்லை, எந்தப் பாதை அவருக்குரியது என்பதுதான் பிடிபடவில்லை. ஆறாண்டுகளில் அமெரிக்காவின் பாப் தரவரிசையில் முதல் 40 இடங்களுக்குள் நுழைந்தது ஒரே ஒரு பாட்டுதான்.

● 1966 இறுதியில் அட்லாண்டிக் நிறுவனத்துக்கு மாறினார். தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர், சிறுவயதில் ஆலயத்தில் செய்ததைப் போலவே பியானோ வாசித்துக்கொண்டே பாடச் சொன்னார். 1967 ஜனவரியில், அலபாமாவின் மசில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் பாட்டு பதிவானது. குழுவில் தகராறு மூண்டதால் மீதி வேலை நியூயார்க்கில் முடிந்தது.

● ஓட்டிஸ் ரெடிங் 1965-இல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ பாடலை, ஒரு பெண்ணின் உரிமைக் குரலாக அரேத்தா மாற்றினார். 1967-இல் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

● 1987-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் இவரே.