தீபன் பேசாத இடங்கள்: கதாமாந்தரைப் பற்றி எழுதும்போது

முதன்மைக் கதாமாந்தரின் பண்புநலனை விளக்கச் சொன்னால், கிள்ளானில் என் படிவம் 5 மாணவர்கள் "துணிச்சல் மிக்கவர், பொறுமைசாலி" என்று அடுக்கிவிடுவார்கள். அந்தப் பண்பை நமக்கு எப்படிக் காட்டினார்கள்? எதை மறைத்தார்கள், எங்கே நிதானித்தார்கள்? அதை எழுதினால்தானே விளக்கம்!

ஒரு பிரெஞ்சுப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஜாக் ஓடியார் இயக்கி, 2015-இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்'. வசனத்தில் பெரும்பகுதி தமிழ்தான். நாயகனாக நடித்தவர் அந்தோனிதாசன் யேசுதாசன். 'கொரில்லா' நாவல் எழுதிய ஷோபாசக்தி என்றால் சட்டென்று தெரியும். இளவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். அதனால் "அவர் நடிக்கவே இல்ல, வாழ்ந்திருக்கார்"னு பலர் முடித்துவிடுகிறார்கள். பாராட்டு மாதிரி தெரிந்தாலும் திரைக்கதையின் உழைப்பும் நடிகரின் உழைப்பும் இதில் காணாமல் போகின்றன.

தொடக்கத்தில் ஒரு போராளி சிதை மூட்டுகிறான். தன் சீருடையையும் நெருப்பில் போடுகிறான். முன்கதை இல்லை, புலம்பல் இல்லை. பிறகு இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டோடு, முன்பின் அறியாத பெண்ணும் சிறுமியும் மனைவி, மகளாகச் சேர, பிரான்சுக்குப் போகிறான். தீபன் என்பதே இரவல் பெயர், அவன் சிவதாசன். ஆக, நடிகருக்கு இரட்டை வேலை: சிவதாசனாக இருந்துகொண்டே தீபனாக நடிக்க வேண்டும்.

பாரிஸ் புறநகர் அடுக்குமாடி ஒன்றில் பராமரிப்பு வேலை கிடைக்கிறது. கூட்டுகிறான், பழுது பார்க்கிறான். படம் இங்கே அவசரப்படுவதே இல்லை. பேச்சு குறையக் குறைய நாம் அவன் கையையும் கண்ணையும் பார்க்கத் தொடங்குகிறோம். பின்னர் பழைய தளபதி ஒருவர் ஆயுதம் வாங்க உதவச் சொல்கிறார். மறுத்ததற்கு அடி விழுகிறது. அப்புறம்தான், தனியாகக் குடித்துவிட்டு, இயக்கப் பாடலைக் கத்திப் பாடுகிறான். முதல் காட்சியிலேயே அழவிட்டிருந்தால் இந்தப் பாட்டு வெறும் மிகையுணர்ச்சி ஆகியிருக்கும். அத்தனை நேரம் அடக்கி வைத்த எழுத்துதான் இதற்குக் கனம் தருகிறது.

இறுதிச் சண்டை எனக்கு ஒப்பவில்லை. புகை மூடிய படிக்கட்டு, வேகம். முகம் சரியாகத் தெரியாதபோது நடிகர் என்ன செய்வார்? அதன்பின் வரும் இங்கிலாந்துக் காட்சியும் எல்லாவற்றையும் சட்டென்று சரிசெய்துவிடுகிறது. "அடக்கியது வெடித்தே தீரும், அதான் அந்த வேகம்" என்று ஒரு மாணவர் மறுத்து எழுதினால் அதற்கும் புள்ளி உண்டு. காட்சியைச் சுட்டி எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு: வன்முறை இருப்பதால் முழுப் படத்தையும் வகுப்பில் போட வேண்டாம். சிதைக் காட்சியும் வேலைக் காட்சிகளும் போதும். பிறகு பாடநூல் நாவலைத் திறந்து, நாயகன் வாய் திறக்காத ஒரு பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள்.