பை அச்சிடும் முன் பெயரைத் தேடுங்கள்

கிளிநொச்சியில் அரிசி ஆலை வைத்திருப்பவரோ, முல்லைத்தீவில் கருவாடு பொதிசெய்யும் பெண்கள் குழுவோ, வவுனியாவில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கும் குடும்பமோ, தொழில் கொஞ்சம் நிமிர்ந்ததும் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவார்கள். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியதும், "பேர் பதிஞ்சாச்சு, இனி ஒருத்தரும் தொடேலாது" என்ற நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதிக்குச் சட்டத்தில் இடமில்லை. இன்ன பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். கம்பனியாகப் பதிந்தவர்களுக்கும் இதே கதைதான். பொதியில் இருக்கும் பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை வேண்டுமென்றால் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும். அதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் செய்கிறது.

விண்ணப்பம் போட்டால் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்தானே என்று கேட்கலாம். சொல்வார்கள். ஆனால் பதில் வருவதற்குள் நீங்கள் பைகளை அச்சிட்டு, கடைகளுக்கு அனுப்பி, வாடிக்கையாளரையும் பிடித்திருப்பீர்கள். அலுவலகம் ஏற்றுக்கொண்டாலும் குறி வர்த்தமானியில் வெளிவரும். அன்றிலிருந்து மூன்று மாதங்களுக்குள் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இன்னொருவரின் பதிந்த குறியை வேண்டுமென்றே பாவித்தால் அது குற்றமும்கூட: ஆறு மாதம் வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். ஆகவே முதலிலேயே தேடுவது மலிவு. கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்வையிடச் சட்டம் எவருக்கும் இடம் தருகிறது.

எப்படித் தேடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இல்லையென்றால் தப்பினோம் என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் நடந்த ஒரு பழைய வழக்கு இதற்கு நல்ல பாடம். 'அமிர்ததாரா' என்ற மருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சந்தையில் இருந்தது. கான்பூர்க்காரர் ஒருவர் 1923 முதல் 'லக்ஷ்மண்தாரா' என்ற மருந்தை விற்றார். பதிவு கேட்டு விண்ணப்பித்ததோ 1950இல்தான். அமிர்ததாராக்காரர் எதிர்த்தார். எழுத்தில் பார்த்தால் இரண்டு பெயரும் வேறு வேறு. 1962இல் உச்ச நீதிமன்றமோ, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் படித்தவரை அளவுகோலாக எடுக்கவில்லை. சாதாரண அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு கிராமத்தவரின் காதில் இரண்டும் எப்படி விழும் என்று கேட்டது. குழப்பம் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. இத்தனை காலம் எதிர்ப்பில்லாமல் விற்றவர் என்பதால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் பதிய விட்டது. 27 ஆண்டு வியாபாரத்துக்குக் கிடைத்தது ஒரு மாநில எல்லை.

ஆக, காதால் தேட வேண்டும். நமக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 'யாழ்' என்பதன் ழகரத்துக்கு இங்கே 'ஆர் எல்' போடுவோம். தமிழ்நாட்டில் 'இசட் எச்' போடுவார்கள். 'வெற்றி'யை 'வீ'யில் தொடங்குபவரும் உண்டு, 'டபிள்யூ'வில் தொடங்குபவரும் உண்டு. நடுவில் ஒரு 'டி'யா இரண்டா, 'டி ஆர்' ஆ என்பது அவரவர் விருப்பம். பனை என்றும் பண்ணை என்றும் தமிழில் தெளிவாக வேறுபடும் இரண்டு சொற்கள் ஆங்கில எழுத்துக்குள் போனதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஒரு தாளை எடுத்து உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் எழுதுங்கள். சிங்களத்தில் அதை எப்படி எழுதுவார்கள், பொருளைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வார்கள் என்பதையும் சேருங்கள். 'தாமரை' என்று பெயர் வைப்பவர் 'நெலும்' என்றும் 'லோட்டஸ்' என்றும் தேடாமல் விடக்கூடாது, படமும் தாமரையாக இருந்தால் இன்னும் கவனம். உலக புலமைச் சொத்து நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்தில் சின்னத்தின் படத்தையே ஏற்றி, அதுபோன்றவை உண்டா என்று இலவசமாகப் பார்க்கலாம். கொழும்புப் பதிவேட்டுக்கு அது மாற்று ஆகாது.

அடுத்தது வகுப்பு. பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அரிசி, தேன், மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் 30இல் வரும். குத்தாத நெல் 31இல். கருவாடும் தயிரும் 29, பழச்சாறு 32, பாய் 27, உணவகம் 43. உங்கள் வகுப்பை மட்டும் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். சட்டம் கேட்பது வகுப்பு எண்ணையல்ல, பொருட்கள் ஒத்தவையா என்பதைத்தான். நெல்லும் அரிசியும் இரண்டு வகுப்பில் இருந்தாலும் வாங்குபவருக்கு ஒரே வீட்டுப் பொருட்கள். மறுபக்கமும் உண்டு. கர்நாடகத்தின் 'நந்தினி' பாலுக்கும் பெங்களூரின் 'நந்தினி டீலக்ஸ்' உணவகத்துக்கும் நடந்த வழக்கில், 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் நின்றது. சின்னத்தின் தோற்றம் வேறு, பொருட்களும் வேறு என்பது காரணம். உணவகத்தாரும் பாலையும் பால் பொருட்களையும் தங்கள் கோரிக்கையிலிருந்து விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

பதிவேட்டில் இல்லை என்றதும் முடிந்துவிடவில்லை. பதியாமலே முன்பிருந்து பாவிக்கப்படும் குறியும் உங்கள் விண்ணப்பத்தைத் தடுக்கலாம். அதை நீங்கள் அறிந்திருந்தால், அல்லது அறியாமல் இருந்திருக்கவே முடியாது என்றால் நம் சட்டம் உங்கள் பக்கம் இராது. கிளிநொச்சிச் சந்தையில் தினமும் பார்க்கும் பொதியின் பெயரை எடுத்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியுமா? சந்தை, சுப்பர்மார்க்கட் தட்டுகள், முகநூல் பக்கங்கள், யாழ்ப்பாணத்து மொத்தக் கடைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பதிவேட்டைவிட இந்தச் சுற்றில்தான் நம் ஊர்ப் பெயர்கள் அதிகம் அகப்படும்.

ஊர்ப் பெயர் என்றதும் இன்னொன்று. வன்னி, கிளிநொச்சி, இரணைமடு, நந்திக்கடல் என்று வைக்க எல்லோருக்கும் ஆசை, எனக்கும் பிடித்த பெயர்கள்தான். ஆனால் சாதாரணப் பொருளில் இடப்பெயராகவே விளங்கும் சொல் தனியே குறியாகப் பதியத் தகாது என்பது சட்டத்தின் பொது விதி. நீண்ட காலப் பாவனையால் அது உங்கள் பொருளை மட்டுமே குறிக்கும் நிலைக்கு வந்திருந்தால் கருத்தில் எடுக்கலாம். 'சுத்தமான தேன்' போலப் பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயரும் அப்படித்தான். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல் என்று பையின் ஒரு மூலையில் எழுதுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. குறிக்கு வேறொரு சொல்லைத் தேடுங்கள்.

தேடியபின் ஒத்த பெயர் ஒன்று அகப்பட்டால் இரண்டு எழுத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்; அமிர்ததாரா வழக்கு அதற்குத்தான். பை இன்னும் அச்சாகாத நேரத்தில் புதுப்பெயர் வைக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஒன்றும் அகப்படவில்லை என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இன்று காலியாக இருக்கும் பெயரை நாளை இன்னொருவர் தாக்கல் செய்துவிடலாம். பதிவு கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின் பத்துப் பத்தாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.