முயல் தீவனத்தில் நொதிப்பொடி சேர்க்கலாமா?

நெல் விளையும் நம் கும்பகோணம் வட்டாரத்தில் தவிடும் குருணையும் எளிதிற் கிடைக்கின்றன. இவற்றைக் கொண்டு இறைச்சி முயல் வளர்க்கும் அங்கத்தினர் சிலர், நொதிப்பொடி கலந்தால் முயலின் எடை விரைவிற் கூடுமா, அதனைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கலாமா என நம்மை வினவியுள்ளனர். பணம் செலவிடுமுன் விஷயத்தைத் தெளிந்துகொள்வது நலம்.

நொதி என்பது உணவைச் சிறு கூறுகளாகப் பிரித்துச் செரிக்கச் செய்யும் பொருள். முளைகட்டிய தானியம் இனிப்பதும் நொதியின் செயலே. தவிட்டிலுள்ள மணிச்சத்தின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்னும் கூட்டுப்பொருளில் கட்டுண்டு கிடக்கிறது. அக்கட்டை அவிழ்க்கும் ஃபைட்டேஸ் என்ற நொதியை ஜப்பானிய அறிஞர்கள் 1907ஆம் ஆண்டில் அரிசித் தவிட்டிலேயே கண்டனர். 1991 முதல் அது தீவனப் பொடியாக விற்பனைக்கு வந்தது. கோழிக்கும் பன்றிக்கும் அதனால் நற்பயன் உண்டு.

ஆனால் முயலின் குடல் வேறு வகையினது. அதன் பெருங்குடல்வாயில் உள்ள நுண்ணுயிர்கள் ஃபைட்டேட்டைத் தாமே சிதைக்கின்றன. அங்கு உண்டாகும் மென்மையான புழுக்கையை முயல் மீண்டும் உண்பதால், அச்சத்து உடலிற் சேர்கிறது. பார்லி, கோதுமை ஆகியவற்றின் பசைத்தன்மையைக் குறைக்கும் நொதிகளும் உள. அரிசியிலோ அப்பசை மிகக் குறைவு. ஆகவேதான் முயல்களில் நடந்த சோதனைகள் ஒரே வகையான பலனைத் தரவில்லை.

உண்மையான அபாயம் வேறிடத்தில் உள்ளது. பால் மறந்த குட்டிகள் கழிச்சல் கண்டு மடிந்த கொட்டில்களை நாம் கண்டதுண்டு. அங்கெல்லாம் குருணை மிகுதி, புல் குறைவு. இளங்குட்டி மாவுப்பொருளை முழுதும் செரிக்கவியலாது. எஞ்சியது குடலிற் புளித்துத் தீங்கு செய்யும். வளரும் முயலின் தீவனத்தில் நார்ச்சத்து நூற்றுக்குச் சுமார் 14 முதல் 16 பங்கு இருத்தல் வேண்டும். வேலிமசால், அகத்தி, உலர்ந்த புல் ஆகியவை இதற்கு உதவும். நார் குறைந்த தீவனத்தின் குறையை எந்தப் பொடியும் ஈடு செய்யாது. தவிட்டையும் புதிதாகவே வாங்குக. அதிலுள்ள வேறொரு நொதி எண்ணெயைச் சிதைத்துச் சில நாட்களிலேயே சிக்கடிக்கச் செய்யும்.

பொடியைச் சோதிக்க விரும்புவோர் ஓர் ஈற்றுக் குட்டிகளை எடை பார்த்துச் சமமாக இரு பிரிவாக்குக. இவ்வாறு சில ஈற்றுக் குட்டிகளைச் சேர்த்துக்கொள்க. இரு பிரிவிற்கும் தீவனம் ஒன்றே. ஒரு பிரிவிற்கு மட்டும் பொடி. கொதிக்கும் கஞ்சியில் அதனைக் கலத்தல் கூடாது; வெப்பத்தால் நொதி அழியும். 6 வாரங்கள், வாரந்தோறும் எடையும், தின்ற தீவனமும், இறப்பும் ஏட்டிற் குறித்து வருக. கூடிய எடையின் விலை பொடியின் விலையை மிஞ்சினால் மட்டுமே சங்கம் அதனை மொத்தமாக வாங்கலாம்.

பலருடைய சேமிப்பே சங்கத்தின் முதல். விளம்பரத்தை நம்பி அதனை முடக்காது, நம் ஏட்டை நம்பிச் செலவிடுவோமாக.