வயிற்றுக்குள் போகும் குழாயைக் கழுவுவது யார்?

(நமது புனே நிருபர்)

பாணேருக்கு ரயில் கிடையாது. சிவாஜிநகரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ரயில்வே குமாஸ்தாவான நான் சென்ற மாதம் அங்கே போனது என் மாமியாருக்காக. பல நாளாக நெஞ்செரிச்சல். "எண்டோஸ்கோப்பி பார்த்துவிடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை அது.

எங்களுக்கு முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். மாமியார் மெதுவாகக் கேட்டார்: "எல்லாருக்கும் ஒரே குழாய்தானா மாப்பிள்ளே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர் பக்கத்து அறையில் இருந்தார். தமிழ் காதில் விழுந்ததும் எட்டிப் பார்த்தார், விழுப்புரம் மாவட்டத்துப் பெண்மணி ஒருவர். குழாய்களைக் கழுவிக் கிருமி நீக்குவதுதான் அவர் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறார். தம் பெயரோ ஆஸ்பத்திரியின் பெயரோ வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை.

"குழாய் அதேதான் அண்ணே. ஊசி மாதிரி தூக்கிப் போட முடியுமா? ஒண்ணு பல லட்சம் ரூபாய். ஆனா கழுவாம அடுத்த ஆளுக்குப் போகாது" என்றார்.

இட்லித் தட்டுப் பாடம்

இந்தக் குழாய் சுமார் ஒரு மீட்டர் நீளம். உள்ளே சதைத் துணுக்கு எடுக்கும் கருவி போவதற்கும் நீரை உறிஞ்சுவதற்கும் ஒரு பாதை. அதன் அகலம் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. எச்சிலும் சளியும் ரத்தமும் அதற்குள் தங்கும். கத்தி, கத்தரிக்கோல் போல இதை நீராவிக் கொப்பரையில் வைக்க முடியாது. 121 டிகிரி சூட்டில் லென்சும் ஒட்டுப் பசையும் ரப்பரும் கெட்டுப்போகும். ஆகவே மருந்துத் தண்ணீரில்தான் கிருமியைக் கொல்ல வேண்டும்.

ஆனால் மருந்துக்கு முன் கழுவுதல். இதை அவர் நம் பெண்களுக்குப் புரிகிறபடி சொன்னார். "இட்லித் தட்டுல மாவு காய்ஞ்சு போச்சுன்னா வெந்நீர் ஊத்தினாலும் போகாதில்லே? அதே கதைதான். அழுக்கு மேல மருந்து ஊத்தினா மருந்து அழுக்கைத்தான் தொடும், கிருமியைத் தொடாது."

நோயாளியின் வாயிலிருந்து எடுத்த உடனே வெளிப்புறத்தைத் துடைத்து, சோப்பு நீரை உள்ளே உறிஞ்ச விட வேண்டும். அடுத்து, எங்கேயாவது ஓட்டை உண்டா என்று காற்றடித்துப் பார்க்க வேண்டும். பிறகு நீண்ட பிரஷ்ஷை உள்ளே விட்டு, அழுக்கு வராத வரை தேய்க்க வேண்டும். அலசிய பின்தான் மருந்துத் தொட்டி. முன்பு பெரும்பாலும் குளூட்டரால்டிஹைட். 2 சதவீதக் கரைசலில் 20 நிமிடம். அதன் நெடி கண்ணையும் மூச்சையும் வாட்டும். இப்போது பல இடங்களில் நெடி குறைந்த ஓ.பி.ஏ. என்ற மருந்து, அமெரிக்க அங்கீகாரப்படி 12 நிமிடம். மருந்தின் வீரியம் குறைந்துவிட்டதா என்று காகிதப் பட்டையை முக்கிப் பார்க்க வேண்டும். பின்பு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் மருந்தே புண்ணாக்கும். கடைசியில் ஆல்கஹாலும் காற்றும் செலுத்தி உலர்த்தித் தொங்கவிட வேண்டும். ஈரம் நின்றால் ஒரே இரவில் கிருமி பெருகிவிடும்.

கொரோனா வந்தபோது

மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் நம் புனேயில்தான் கண்டறியப்பட்டார்கள். 2020 மார்ச் 9. துபாய் போய் வந்த தம்பதியர். நாயுடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பாணேருக்கு அடுத்த பாஷாணில் தேசிய வைராலஜி நிலையத்தின் வளாகம் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மாநகராட்சி பாணேரிலேயே ஒரு கோவிட் ஆஸ்பத்திரி திறந்தது.

எண்டோஸ்கோப்பியை டாக்டர்கள் அவசரம் என்றால் மட்டும் செய்தார்கள். குழாய் உள்ளே போகும்போது நோயாளி இருமுவார், ஓங்கரிப்பார். அந்தத் துளிகள் அறையெங்கும் பரவும். ஆனால் நுரையீரலைப் பார்க்கும் குழாய்க்கும், வென்டிலேட்டர் பொருத்த உதவும் கருவிகளுக்கும் ஓய்வில்லை.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொரோனா வைரஸ் அப்படியொன்றும் சாகாவரம் பெற்றதல்ல. அதன் மேலுறை கொழுப்பு. சோப்பு பட்டாலே கரைந்துவிடும். மெழுகுப் போர்வை போர்த்திய காசநோய்க் கிருமியையே கொல்லும் மருந்துக்கு இது எம்மாத்திரம்? ஆகவே புது மருந்து தேவைப்படவில்லை. பழைய முறையை ஒரு படி விடாமல் செய்வதும், செய்கிறவரைக் காப்பாற்றுவதும்தான் தேவைப்பட்டன. பிரஷ்ஷைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தேய்த்தால் துளி தெறிக்காது. முகத்துக்கு என்-95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, நீர் புகாத அங்கி வேண்டும்.

இதெல்லாம் கிடைத்ததா? அப்போது அந்தப் பெண்மணி வேறொரு ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட் ஊழியர். "டாக்டருக்கும் நர்சுக்கும் முதல்ல கொடுத்தாங்க. உள்ளே உட்கார்ந்து கழுவுறவளை யாருக்கு ஞாபகம் வரும்? ஒரே மாஸ்க்கை நாலு நாள் காயவெச்சுப் போட்டுக்கிட்டேன்" என்றார்.

ஏழாவது நிமிடம்

2021 மே மாதம், இரண்டாம் அலை. வார்டுக்கு இரண்டே குழாய்கள். ஒன்று பழுது. மற்றொன்று மருந்தில் ஊறுகிறது. மேலே நோயாளி காத்திருக்கிறார். மேற்பார்வையாளர் வந்து, "ஏழு நிமிஷம் ஆச்சு, போதும், எடு" என்றாராம்.

"பன்னிரண்டு ஆகணும்னு நான் சொன்னேன். தொட்டி மூடி மேல கையை வெச்சுக்கிட்டு நின்னுட்டேன். வேலை போயிடும்னு பயம்தான். ஊருக்குப் பணம் அனுப்பணுமே" என்றார். ஐந்து நிமிடம் கழித்தே குழாய் மேலே போனது. வேலையும் போகவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை.

"அன்னைக்கு எடுத்திருந்தா அந்த ஆளுக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது அண்ணே. ஒண்ணுமே ஆகாமலும் போயிருக்கலாம். இந்த வேலையே அப்படித்தான். சரியாச் செஞ்சா எதுவும் நடக்காது. அதனால யார் கண்ணுக்கும் தெரியாது."

அந்த மாதத்தில்தான் கொரோனாவிலிருந்து மீண்டவர்களைக் கறுப்புப் பூஞ்சை தாக்கியது. சர்க்கரை நோய் கட்டுக்கு மீறியவர்கள், ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஏராளமானோர். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தால்தான் சீக்கிரம் தெரியும். சசூன் ஆஸ்பத்திரி உட்படப் பல இடங்களில் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். பம்பாயையும் பூனாவையும் பிளேக் உலுக்கிய நாளில் பிறந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்நோயை அறிவிக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மூக்குக்கு மூக்கு மாறும் அந்தக் கருவிகளையும் யாரோ ஒருவர் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

அலட்சியம் இல்லாத இடத்திலும் ஆபத்து உண்டு. 2015-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், பித்தக்குழாயைப் பார்க்கும் கருவி வழியாக, மருந்துக்கு அடங்காத கிருமி 7 பேரைத் தொற்றியது. அவர்களில் இருவரின் மரணத்துக்கு அதுவும் ஒரு காரணமானது. தயாரிப்பாளர் சொன்னபடிதான் கழுவியிருந்தார்கள். கருவியின் நுனியில் இருந்த சிறு நெம்புகோல் இடுக்கில் கிருமி ஒளிந்துகொண்டது. ஒருமுறை உபயோகித்து எறியும் குழாய்களும் இப்போது உண்டு. விலைதான் இடிக்கிறது.

நாம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். எந்தக் குழாய், எந்த நோயாளிக்குப் போனது, எத்தனை மணிக்கு மருந்தில் போட்டு எத்தனை மணிக்கு எடுத்தார்கள், கழுவியவர் யார் என்று பதிவேடு வைப்பது முறை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒவ்வொரு ரயிலையும் ரிஜிஸ்டரில் எழுதுகிறாரே, அது போல. "பதிவேடு உண்டா?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல ஆஸ்பத்திரி கோபித்துக்கொள்ளாது. "கொஞ்சம் பொறுங்கள், குழாய் ஊறுகிறது" என்று சொன்னால் நாமும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாமியாரின் முறை வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ராஸ்தா பேட்டிலிருந்து காலையிலேயே பட்டினியாக வந்தவர், முணுமுணுக்கவில்லை. உள்ளே போகுமுன் கழுவும் அறைப் பக்கம் திரும்பி, "நல்லா ஊற வெச்சியாம்மா?" என்று கேட்டார்.

"பன்னிரண்டு நிமிஷம் அம்மா, ஒரு நிமிஷம் குறையலை" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.