ஓசையின்றி மாறும் இசை

மின்கிட்டார் வாசிப்பவரின் காலருகே சிறிய உலோகப் பெட்டிகள் சில வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பெடல்கள் என்பர். ஒரு பெடலைக் காலால் மிதித்தால் கிட்டாரின் ஒலி கரகரப்பாக மாறும். மற்றொன்றை மிதித்தால் எதிரொலி சேரும். மீண்டும் மிதித்தால் பழைய ஒலி திரும்பும். ஆயினும், சில வேளைகளில் மிதித்த அந்தக் கணத்தில் ஒலிபெருக்கியில் ‘டப்’ என்றோர் ஓசை எழுவதுண்டு. அது எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு அடக்கப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தந்தியும் மின்சாரமும்

மின்கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது கம்பிச்சுருளில் சிறிதளவு மின்னழுத்தம் தோன்றுகிறது. அது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவானது. பெருக்கி அதனைப் பன்மடங்காக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

கருநாடக இசைக்கும் இம்முறை புதிதன்று. ஆந்திரப் பிரதேசத்தின் பாலகொல்லுவில் 1969ஆம் ஆண்டு பிறந்த உ. ஸ்ரீநிவாஸ், மின்மாண்டலினில் கருநாடக இசையை வாசித்துப் புகழ்பெற்றார். திருமலையில் நாத நீராஜன மேடையில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளைத் திருப்பதியில் இயங்கும் பக்தித் தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. இத்தகைய நிகழ்ச்சியில், ஆலாபனையின் இடையே கலைஞர் சற்று நிறுத்தும் அமைதியில் ஒரு ‘டப்’ ஓசை எழுந்தால், அது மேடையோடு நில்லாது; கேட்போர் அனைவரின் இல்லங்களிலும் ஒலிக்கும். பெருக்கிக்கு இசை எது, இடையூறு எது என்று தெரியாது. வந்ததையெல்லாம் அது பெருக்கிவிடும்.

மடை திறந்தாற்போல

சித்தூர்ப் பகுதியில் ஏரிப் பாசன வயல்கள் பல உண்டு. அடுத்தடுத்த இரு வயல்களுக்கிடையே ஒரு வரப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒரு வயலில் நீர் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் இருக்கும்போது மடையைத் திறந்தால் நீர் பாய்ந்தோடிச் சேற்றைக் கலக்கும். இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால், மடையைத் திறந்தாலும் நீர் அசையாது. ‘டப்’ ஓசைக்கும் இதுவே அடிப்படை. சமமல்லாத இரண்டு மின்னழுத்தங்கள் திடீரென்று இணைக்கப்படுவதால் அது பிறக்கிறது.

பெடலுக்குள் 9 வோல்ட் மின்கலம் உள்ளது. பல பெடல்களில் இசைக்குரிய மின்னலை அதன் பாதியான 4.5 வோல்ட் மட்டத்தில் நின்று மேலும் கீழும் அசைகிறது. வெளியே உள்ள கிட்டார்க் கம்பியின் மட்டமோ சுழி. இவ்விரண்டுக்கும் இடையே மின்தேக்கி ஒன்று காவலாக நிற்கிறது. அது நிலையான மின்னழுத்தத்தைத் தடுத்து, மாறும் அலையை மட்டும் கடக்கவிடுகிறது.

ஆனால், சுவிட்ச் அணைந்திருக்கும்போது மின்தேக்கியின் வெளிமுனை எதனோடும் சேராமல் தனித்து நின்றால், உள்ளிருந்து கசியும் சிறிதளவு மின்னூட்டத்தால் அதன் மட்டம் மெல்ல உயரும். பெடலை மிதித்தவுடன் அம்மின்னூட்டம் ஒரே பாய்ச்சலாக வெளியேறும். அதுவே ‘டப்’. நெடுநேரம் கழித்து முதல்முறை மிதிக்கும்போது பலமாகவும், உடனே மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது மெலிதாகவும் ஓசை கேட்டால், இக்கசிவே காரணம் என்று ஐயுறலாம்.

இதற்குத் தீர்வு எளியது. மின்தேக்கியின் வெளிமுனையிலிருந்து புவி இணைப்புக்கு 1 மெகா ஓம் மின்தடையம் ஒன்றை இணைக்க வேண்டும். கசியும் மின்னூட்டம் அதன் வழியே அவ்வப்போது வடிந்துவிடும். மட்டமும் சுழியிலேயே நிற்கும். தடையின் அளவு பெரிதாகையால் இசையலை பெரிதும் குறைவதில்லை.

மெல்லத் திறக்கும் மடை

காலால் மிதிக்கும் சுவிட்சின் உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டவுடன் நிலைகொள்வதில்லை. சில மில்லி விநாடிகள் துள்ளியே அடங்குகின்றன. ஆகவே, பல பெடல்களில் இசையலையை மாற்றும் வேலை டிரான்சிஸ்டரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் வெளியிடத் தொடங்கிய சிறிய பெடல்களில் இத்தகைய மின்னணுச் சுவிட்ச் பயன்பட்டது. இதில் வேலை செய்வது புலவிளைவு டிரான்சிஸ்டர். அதன் ‘கேட்’ என்னும் முனையில் மின்னழுத்தத்தை மாற்றினால் இசையலையின் பாதை திறக்கும் அல்லது மூடும்.

இங்கும் ஓர் இடர் உண்டு. கேட் முனைக்கும் இசைப் பாதைக்கும் இடையே மிகச் சிறிய மின்தேக்குத் திறன் இயல்பாகவே அமைந்துள்ளது. கேட் மின்னழுத்தம் திடீரென்று மாறினால், அம்மாற்றத்தின் ஒரு பகுதி இசைப் பாதைக்குள் தாவிவிடும். எனவே மடையை ஒரேயடியாகத் திறவாமல் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். கேட் முனைக்கு முன்னே ஒரு மின்தடையமும் ஒரு மின்தேக்கியும் வைக்கப்படுகின்றன. 1 மெகா ஓமையும் 0.01 மைக்ரோ ஃபாரடையும் பெருக்கினால் 10 மில்லி விநாடி கிடைக்கும். ஏறத்தாழ அந்த அளவு காலத்தில் மின்னழுத்தம் படிப்படியாக மாறும். திடீர் மாற்றத்தில் தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை எல்லாம் கலந்திருப்பதால் காது அதனைக் கூர்மையாக உணர்கிறது. மெல்ல நிகழும் மாற்றத்தில் அக்கூர்மை இல்லை. கலைஞருக்கோ மிதித்தவுடனே ஒலி மாறியதாகவே தோன்றும்.

பெடலின் மேல் ஒளிரும் சிறு விளக்கும் ஓசைக்குக் காரணமாகலாம். அது எரியத் தொடங்கும்போது மின்கலத்திலிருந்து திடீரென்று மின்னோட்டம் எடுக்கிறது. விளக்கின் புவிக் கம்பியை இசைப் பாதையினின்று பிரித்து அமைப்பதும், விளக்கை மெல்ல எரியச் செய்வதும் இதற்குரிய வழிகள். சில பெடல்கள், மாற்றம் நிகழும் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் ஒலியை அடக்கி, பின்னர்த் திறந்துவிடுகின்றன.

மட்டத்தைச் சமமாக்குதல், மாற்றத்தை மெதுவாக்குதல், மாறும் கணத்தில் ஒலியை அடக்குதல் ஆகிய மூன்றும் பெடலுக்கு மட்டும் உரியவை அல்ல. சில பெருக்கிகள், மின்சாரம் வந்து சில விநாடிகள் கழிந்த பின்னரே ஒலிபெருக்கியை இணைப்பதும் இதனால்தான். உள்ளே மின்னழுத்தங்கள் நிலைபெறும் வரை ஒலிபெருக்கி காத்திருக்கிறது.

சொற்பொருள்
மடை – நீர் பாயும் வழி
சுழி – பூச்சியம்
இடர் – துன்பம், இடையூறு
ஐயுறுதல் – சந்தேகித்தல்

வினாக்கள்
1. ‘டப்’ ஓசைக்கு அடிப்படைக் காரணம் யாது?
2. மின்தேக்கியின் வெளிமுனையில் மின்தடையம் இணைக்கப்படுவது ஏன்?
3. மின்தடையம் 1 மெகா ஓமாகவே இருக்க, மின்தேக்கி 0.02 மைக்ரோ ஃபாரடாக மாறினால் கிடைக்கும் காலம் எவ்வளவு?
4. மடை உவமையை உம் சொந்த நடையில் ஐந்து வரிகளில் எழுதுக.