பேரும் பொருளும்: ஊவாத் தோட்டங்களின் சொல்லொழுங்கு பற்றிச் சில குறிப்புகள்

மொழி என்பது பொருள்களின் மீது ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டுகளின் தொகுதி என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாகவே உள்ளது. ஒலிக்கும் பொருளுக்கும் இடையே இயற்கையான பிணைப்பு ஏதுமில்லை என்பதை, 1916இல் நூலுருப் பெற்ற பேர்டினண்ட் டி சசூரின் விரிவுரைகள் வற்புறுத்தின. சொல்லுக்கு அப்பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தோன்றாது எனத் தொல்காப்பியர் உரியியலில் கூறியுள்ளமை தமிழ் மாணவர் அறிந்ததே. ஆயின் சசூர் மேலும் ஒன்று கூறினார். ஒரு சொல்லின் பெறுமானம் அதனோடு ஒரே ஒழுங்கில் நிற்கும் பிற சொற்களிலிருந்து அது வேறுபடும் முறையிலேயே தங்கியுள்ளது என்பதே அது. இக்கருத்தைப் பதுளை மாவட்டத் தோட்டங்களில் வழங்கும் சில சொற்களைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஊவாவின் பெருந்தோட்டங்கள் கோப்பியோடு தொடங்கியவை. இந்நாட்டுக் கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாக மடுல்சீமையிலேயே இனங்காணப்பட்டது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறிய போதிலும், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரை ஆண்ட சொல்லொழுங்கு மாறவில்லை. பெரிய துரை, சின்னத் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் வரிசையில் ஒவ்வொரு சொல்லும் தனக்கு மேலும் கீழும் நிற்கும் சொற்களாலேயே பொருள் பெறுகின்றது. ‘துரை’ என்பது வெள்ளையரைக் குறித்த சொல் எனக் கருதுவோர் உளர். அது முழு உண்மையன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின, வெள்ளையர் போயினர். 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. துரை என்னும் சொல்லோ எல்லா மாற்றங்களையும் கடந்து நின்றது. அது குறித்தது ஓர் இனத்தாரையன்று, தொழிலாளிக்கு எதிரே அமைந்த ஓர் இருக்கையை என்பது இதனாற் புலனாகும்.

‘லயம்’ என்னும் சொல்லையும் இவ்வாறே நோக்கலாம். இசை பயின்றவர் செவிக்கு இச்சொல் தாளத்தின் ஒழுங்கைத் தரும். பசறையிலோ அப்புத்தளையிலோ அது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் நீண்ட கட்டடத்தைக் குறிக்கும். வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் இவ்வுருவம் பெற்றது. ஒலி ஒன்றாயிருக்க, இரு வேறு ஒழுங்குகளில் அதன் பெறுமானம் இரண்டாயிற்று.

எனினும் நம் ஆய்வுக்கு மிகப் பயன்படுவது ‘பேர்’ என்னும் எளிய சொல்லே. தமிழில் அது ஒருவரின் பெயரையும் குறிக்கும். ‘பத்துப் பேர்’ என்னுமிடத்து ஆட்களின் தொகையையும் குறிக்கும். தோட்டத்திலோ அது ஒரு நாள் உழைப்பின் அளவாகும். செக்ரோல் எனப்படும் பதிவேட்டில் தொழிலாளியின் பெயருக்கு நேரே அன்றைய வேலை குறிக்கப்படுவதிலிருந்து இவ்வழக்குப் பிறந்திருத்தல் வேண்டும். ‘இந்த மாதம் எனக்கு இருபது பேர்’ என்று ஒரு பெண் கூறுமிடத்து, வெளியூரார் இருபது மனிதரைத் தேடுவர். அவள் கூறுவதோ இருபது நாட் சம்பளத்தை. குறித்த அளவு கொழுந்து பறிக்காதவளுக்கு ‘அரைப் பேர்’ விழும். பாதி நாள் எனவோ பாதிக் கூலி எனவோ கூறாது, பாதிப் பெயர் எனக் கூறும் இம்மொழி, மனிதரையும் அவர் விற்கும் உழைப்பையும் ஒரே குறியினுள் அடக்கிவிடுகின்றது. இது சொல்லாராய்ச்சியோடு முடியும் விடயமன்று. 2021இல் சம்பளச் சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின்னரும், முழுப் பேருக்கு எத்தனை கிலோ என்னும் வினாவைச் சுற்றியே பூசல்கள் எழுந்தன. ‘பேர்’ என்பதன் பொருளை வரையறுக்கும் உரிமை எவர் கையிலிருந்ததோ அவர் கையிலேயே சம்பளமும் இருந்தது.

மொழியே சிந்தனையை முற்றாக வரையறுக்கும் என பெஞ்சமின் வோர்வின் வழிவந்தோர் சிலர் கூறுவர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. சிறையாகவே மொழி இருக்குமாயின், அதற்குள் இருப்போர் அதனை மாற்றியமைத்தல் இயலாது. தப்பு என்னும் தோற்கருவியை நோக்குக. விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்திற்கு அழைத்த பெரட்டுத் தப்பும், சாவு வீட்டுத் தப்பும், காமன் கூத்தின் தப்பும் ஒரே கருவியிற் பிறப்பவை. அடியின் வேறுபாடே பொருளின் வேறுபாடு. துரைத்தனத்தின் கட்டளையைச் சுமந்த அதே தோல், மக்களின் துக்கத்தையும் விழாவையும் சுமந்தது. எந்த அடி எதற்குரியது என்பதைக் குழந்தையும் அறியும். இவ்வறிவைத் தோட்ட நிருவாகம் புகட்டவில்லை.

‘மலை’ என்னும் சொல்லும் இவ்வாறு திரும்பியதே. தோட்டத் தமிழில் மலை என்பது இலக்கமிடப்பட்ட தேயிலைப் பகுதி. ஏழாம் நம்பர் மலைக்குப் போவது வேலைக்குப் போவதாகும். அம்மலையோடு ‘அகம்’ சேர்ந்து ‘மலையகம்’ ஆனபொழுது, வேலைத்தலம் வாழிடமாக உரிமை கோரப்பட்டது. 1911 முதல் குடிசன மதிப்பீடுகள் இம்மக்களை ‘இந்தியத் தமிழர்’ என்றே வகுத்து வந்தன. அடுத்த நாட்டின் பெயரை அடையாகச் சுமந்திருந்தமை வெறும் சொற்பிரச்சினையன்று என்பதை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் காட்டிற்று. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரும் அப்பழைய பெயரோடு இடம்பெற்றுள்ளது.

ஆயினும் பெயர் முந்திவிட, காணி பிந்தி நிற்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தபொழுது, அவற்றில் வாழ்ந்தோர் தலைமுறைகளாக உடைமையற்ற கூரையின் கீழ் இருந்தமை நாடறியத் தெரிந்தது. பின்வந்த வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியோடு கட்டப்படும் வீட்டைத் தோட்ட மக்கள் ‘தனி வீடு’ என்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கிராமத்திலோ மட்டக்களப்பிலோ வீட்டுக்கு இவ்வடை வேண்டுவதில்லை. இங்கு அது லயத்துக்கு எதிர்ச்சொல்லாக நிற்கின்றது. உறுதிப் பத்திரம் கிடைக்காதவிடத்தும் மக்கள் அதனைத் தனி வீடு என்றே சொல்லி வருகின்றனர்.