பாறை அழிந்தது, படிகம் பிழைத்தது

பூமிக்கு வயசு சுமார் 454 கோடி வருஷம். மிகப் பழைய பாறைகளில் ஒன்றான கனடாவின் அகாஸ்டா நைஸுக்கு ஏறக்குறைய 400 கோடி. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?

துப்பு கிடைத்தது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில். அங்கே இளைய பாறைக்குள் சிக்கிய பழைய சிர்க்கான் படிகங்கள் இருக்கு, மணல் துகள் அளவில். பிறந்த பாறை எப்பவோ அழிஞ்சு போச்சு.

சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. ஆகவே இப்போது உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். இரண்டின் விகிதமே கடிகாரம். 2001-ல் ஒரு படிகத்துக்குச் சொன்ன வயசு 440 கோடி!

இன்னொரு சங்கதி. இந்தப் பழைய படிகங்கள் பலவற்றில் ஆக்சிஜன்-18 சற்று அதிகம். மேற்பரப்பில் நீர் பட்டு மாறிய பாறை, ஆழத்தில் மறுபடி உருகியதன் தடயம் இது என்கிறார்கள்.

இதை வைத்து அன்றைக்கே பெரிய கண்டம் இருந்ததுன்னு சொல்லிவிட முடியாது. தண்ணீர் இருந்தது என்று சொல்லலாம்.